பசியில்லாத நாய்கள்

மாசி 9, செவ்வாய்

ஏழு ஆடுகள் செத்துக் கிடந்தன. தின்பதற்குக் கொன்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒன்றையும் தின்னவில்லை. கழுத்தைக் கடித்து, மடியைக் கிழித்து, அப்படியே போட்டுவிட்டு அடுத்ததைத் துரத்தியிருக்கின்றன. கம்பிவேலி மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நாலு கிடந்தன. ஓடுவதற்கு அதற்குமேல் இடமில்லை.

எங்கள் பக்கத்தில் செம்மறியை வீட்டுக்கு ஓட்டிவரும் வழக்கம் கிடையாது. கொறங்காட்டிலேயே ராவும் பகலும் கிடக்கும். நாலு பக்கம் வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல், ஒரு தண்ணீர்த் தொட்டி. காலையில் ஒருதரம் போய்ப் பார்ப்போம், பொழுது சாய ஒருதரம். காவலுக்கு ஆள் போட்டதை என் எழுபத்தாறு வயசுக்கு நான் பார்த்ததில்லை.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"தெருநாய்தான் அய்யா. கலெக்டர் ஆபீஸ்ல சொன்னா ஆதாரம் கேக்கறாங்க. என்னைக்கு, எந்த ஆடு, எங்க கடிச்சது, எல்லாம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. அடுத்த மாசம் திங்கக்கெழமை மனு நாள்ல நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"எனக்குக் கைநாட்டுத்தானுங் அம்மிணி."

"அம்மா எழுதுவாங்கல்ல?"

பாவாத்தாள் எழுதுவாள். அறிவொளி வகுப்புக்குப் போய் என் மனைவி எழுத்துக் கற்றபோது, கலெக்டர் உத்தியோகமா வரப்போகுது என்று நக்கலடித்தவன் நான். இன்றைக்கு நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்.

எழுது. செத்ததில் மூத்தது கருங்கண்ணி. அவள் தாய் மொட்டைவால். அவளுக்குத் தாய், பாட்டி என்று போனால் எல்லோருக்கும் மூத்தவள் மூக்குச்சுழி. மூக்குச்சுழியை என் மகள் சாந்தாமணி பிறந்த வருசம் கன்னிவாடிச் சந்தையில் பிடித்தேன். அந்த வழியில் இனி ஒன்றுதான் மிச்சம், சுருட்டைக்காது. அவளுக்கும் தொடையில் கடி.

மாசி 10, புதன்

வெயில் ஏறுமுன் புதைத்தோம். அடுத்த கொறங்காட்டுக்காரி சாமியாத்தாள், பங்காளி வீட்டு மருமகள், எல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆடு ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"ஏனுங் மாமா, கிளுவை வேலி பட்டிக்காட்டுத்தனமா இருக்குது, கம்பி கட்டுனா சோக்கா இருக்கும்னு சொன்னீங்களே. இப்ப சோக்கா இருக்குதுங்களா?"

"குழி வெட்டற எடத்துல வந்து பேசற பேச்சா இது?"

"நீங்க பாட்டுக்கு வெட்டுங்க. நாங் கேக்கத்தான கேட்டேன்."

அவள் நாக்கில் கிளுவை முள் இருக்கிறது. ஆனால் சொன்னது நிஜம். கிளுவை முள்ளும் கொம்புமாகப் பின்னி நிற்கும். கீரி நுழையும், உடும்பு நுழையும், சின்ன ஜீவன்கள் நுழையும். நாய் கூட்டமாக நுழைய முடியாது. கம்பிவேலிக்கு அடியில் கொஞ்ச நேரம் பறித்தால் போதும். ஆறு வருசத்துக்கு முன்னால் மாப்பிள்ளை தண்டபாணிதான் ஆள் வைத்துக் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கம்பி கட்டிக்கொடுத்தார். நல்லதுக்குத்தான் செய்தார். அதையும் எழுது.

மாசி 12, வெள்ளி

மிளகாய்க் காட்டில் காலையில் முப்பத்தெட்டு மயில். கல்லை விட்டால் நாலடி நகர்ந்து நின்று திரும்பப் பார்க்கின்றன. எலி வளையோ, காலை வைத்தால் முழங்கால்வரை உள்ளே போகிறது. கேட்டால் காலம் கெட்டுப்போச்சு என்கிறார்கள். காலம் என்ன பண்ணும்?

டாக்டரம்மா சுருட்டைக்காதுக்கு ஊசி போட வந்தவர் மயிலைப் பார்த்து வாய் பிளந்தார்.

"எப்பவும் இத்தனை உண்டுங்களா அய்யா?"

"நாங் கல்யாணம் பண்ணுன புதுசுல மயிலப் பாக்கோணும்னா மலையடிவாரத்துக்குப் போகோணும்ங். இங்க முட்டை வெச்சா மிஞ்சாது."

"எது தின்னும்?"

"நரிங். அது மயில் முட்டைய நக்கும், எலியப் புடிக்கும். பள்ளத்துல அது இருந்தவரைக்கும் செத்தது கெட்டது எதுவும் நாறுனதில்லீங். நாய்க்கு அங்க சோலியே இருந்ததில்ல. எலந்தப்பழம் உதுந்தா பொறுக்கித் தின்னுபோட்டுக் கல்லு மேல பேண்டு வெக்கும். மழை பேஞ்சா அந்தக் கொட்டை மொளைக்கும். இந்தப் பள்ளத்து எலந்தை பூராவும் நரி நட்டதுதானுங்."

"இப்ப நரி எங்க போச்சு?"

"போயிருச்சுங்."

பாவாத்தாள் ஆட்டின் தலையைப் பிடித்திருந்தாள். அங்கிருந்தே என்னைப் பார்த்தாள். தொட்டியில் பாசி பிடித்திருந்தது. கழுவப் போய்விட்டேன்.

மாசி 15, திங்கள்

சுருட்டைக்காது செத்துப்போய்விட்டாள். மூக்குச்சுழி வழி தீர்ந்தது.

மாசி 16, செவ்வாய்

நாய்த்தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். கண் மங்கினாலும் தடம் தெரியும். வேலியிலிருந்து பள்ளத்துக்கு வண்டிப்பாதைபோலத் தேய்ந்து கிடந்தது.

பள்ளம் என்றால் மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடும் ஓடை. அங்கே வெள்ளைச் சாக்குமூட்டைகள், முப்பதுக்குக் குறையாது. கோழிக் குடல், தலை, கால், இறகு. புழு நெளிகிறது. நாற்றம் அடித்து இலந்தை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினோரு நாய்கள் மூட்டை நிழலில் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி மாதிரி. என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை. அந்தத் திமிர் எங்கிருந்து வரும்? வயிற்றிலிருந்துதான் வரும். பசிக்கிற பிராணி ஒன்றைக் கொல்லும், தின்னும், போய்ப் படுக்கும். இவற்றுக்கு நாள் முழுக்கத் தீனி இருக்கிறது, வேலைதான் இல்லை. அதனால் என் ஆட்டைக் கொன்று விளையாடுகின்றன.

நிற்கும்போதே குட்டியானை வண்டி ஒன்று வந்து, பின்பக்கத்தைத் திறந்து ஆறு மூட்டையை உருட்டிவிட்டுப் போயிற்று. ஓட்டியவன் முகம் தெரியவில்லை. கண்ணேறு படாமலிருக்க முன்னால் ஒரு குழந்தைச் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். சிவப்பு. மேலே ஒரு பூ அறுந்துபோயிருந்தது. வேறு எதையும் கவனிக்கவில்லை.

மாசி 18, வியாழன்

செருப்பு என்ன நிறம், மறுபடி சொல்லுங்க என்று பாவாத்தாள் கேட்டாள். எழுதியதைப் படித்துப் பார் என்றேன். "படிச்சேன். அதனாலதான் கேக்கறேன்" என்றாள்.

வேலங்காய் உலுக்கிப் போட்டேன். ஆடுகள் தின்ன வரவில்லை. என் காலைச் சுற்றியே நின்றன.

மாசி 21, ஞாயிறு

மாப்பிள்ளை வந்தார். கையில் இரண்டு கிலோ கறிக்கோழி. அவருக்கு ஊருக்கு ஒன்றாக நாலு கறிக்கடை. என் மகளை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்துவது எங்கள் சனத்தில் இல்லை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"மாப்ள, உங்க குட்டியானை நம்ம பள்ளத்துக்கு எதுக்குங் வருது?"

"எந்தக் குட்டியானைங் மாமா? ஊர்ல நூறு வண்டி ஓடுதுங்."

"செகப்புச் செருப்பு தொங்குற வண்டிங். நம்ம பேத்தி நடை பழகறப்ப வெள்ளகோயில் சந்தையில நான் வாங்கிக் குடுத்த செருப்பு. வாங்குன அன்னிக்கே ஒரு பூவக் கடிச்சுப் பிச்சுப்போட்டா."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று பார்த்தார்.

"குப்பைய எங்கீங் மாமா கொட்டறது? என் தலையிலயா? அது பொறம்போக்கு. நாயிங்க தின்னு சுத்தம் பண்ணுது."

"அந்த நாயிங்கதானுங் ஏழு ஆட்டக் கொன்னுது. எட்டாவதும் போச்சு."

"அதுக்கு நானென்னங் பண்றது? கவுர்மெண்டக் கேளுங்க."

"கேக்கத்தான் போறேன். உங்க பொண்டாட்டி பொறந்த வருசத்துல புடிச்ச ஆட்டு வழிங் மாப்ள அது."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். எழுந்து நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"நாய்க்குத் தீனி போட்டது நானு. செரி. நரிக்குத் தீனி போட்டது ஆருங் மாமா? ஊருக்கே தெரியுமுங். என்னைய நோட்டுல எழுதறதுக்கு முந்தி அதையும் எழுதச் சொல்லுங்க அத்தைகிட்ட."

அவர் எதையோ பேசிவிட்டுப் போனார். அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. கறியைப் பாவாத்தாள் சமைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் குழி தோண்டிப் புதைத்தாள்.

மாசி 22, திங்கள்

சாந்தாமணி போனில் அழுதாள். "அப்பா, அவுரு பேர நோட்டுல எழுதாதீங்க. எம் பொழப்பு கெட்டுப்போகும்." அந்த வண்டியை நிறுத்தச் சொல் என்றேன். "நாஞ் சொன்னாக் கேப்பாருங்களா?" என்றாள்.

யார் சொன்னால் யார் கேட்பார்கள்? பஞ்சாயத்தில் சொன்னால் நாயைப் பிடிக்க ஆளில்லை என்கிறார்கள். பிடித்தாலும் ஊசி போட்டு அதே இடத்தில் விட வேண்டுமாம். எனக்கு மட்டும்தான் ஆடு போகிறது. மற்றவர்களுக்கெல்லாம் நியாயம் இருக்கிறது.

பூச்சிமருந்துக் கடைக்குப் போய்வந்தேன். எலிக்கு என்று சொன்னேன்.

மாசி 24, புதன்

இன்னும் ஒரு ஆடு. குட்டி வயிற்றில் இருந்தது. நான் போனபோது உயிர் இருந்தது. என்னைப் பார்த்துக் கத்தக்கூட முடியவில்லை, குரல்வளை இல்லை.

இதைப் புதைக்கவில்லை. ஐந்து துண்டு எடுத்தேன். பொழுது சாயப் பள்ளத்துக்குப் போய் வைத்துவிட்டு வந்தேன்.

பாவாத்தாள் பேனாவை மூடிவிட்டாள். "இத நான் எழுத மாட்டேனுங். மறுபடியுமா? வேண்டாமுங்க" என்றாள். நாய் செத்தால் உனக்கென்ன என்று கத்தினேன். பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது. அப்புறம் எழுதினாள்.

மாசி 25, வியாழன்

விடிந்ததும் செத்த நாய்களை எண்ணத்தான் போனேன்.

ஒன்றும் சாகவில்லை. பதினொன்றும் மூட்டை நிழலில் கிடந்தன. ஒரு துண்டுக்கு ஒரு முழம் தள்ளிப் பெட்டை ஒன்று குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்னொன்று எழுந்து, துண்டை முகர்ந்து, தாண்டிப் போய்க் கோழித்தலையைக் கவ்வியது. புதுக் குடல் மூட்டை மூட்டையாக இருக்கும்போது என் காய்ந்த கறி அதற்கு எதற்கு?

கல்லைத் தூக்கினேன், எறிய. அது ஒரு தட்டைக் கல். அதன்மேல் எச்சம் இருந்தது. காயாதது. விரலால் கலைத்துப் பார்த்தேன். எலி மயிர், வண்டு ஓடு, நாலு இலந்தைக் கொட்டை.

நாய் கல்லின்மேல் ஏறிப் பேளாது. நாய் இலந்தை பொறுக்காது.

மணலில் தடம் இருந்தது. குட்டி நாய்த் தடம் போலத்தான், ஆனால் நாய் மாதிரி அலையவில்லை. நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில், சாமியாத்தாளின் கிளுவை வேலியிலிருந்து வந்திருந்தது. இந்தத் தடத்தை நான் பார்த்து இருபத்தெட்டு வருசம். மூட்டைப் பக்கம் அது போகவில்லை. பதினோரு நாய் படுத்திருக்கும் இடத்துக்கு எப்படிப் போகும்? ஓரமாகவே போயிருக்கிறது. ஓரத்திலும் நான் துண்டு வைத்திருந்தேன்.

ஓடிப்போய்ப் பொறுக்கினேன். நாலு இருந்தது. ஐந்தாவதை எங்கே வைத்தேன் என்று எனக்கா மறக்கும்? பெரிய இலந்தையின் வேரடியில். அங்கே இல்லை.

மாசி 26, வெள்ளி

தேடினேன். காக்கை தூக்கியிருக்கும்.

மாசி 27, சனி

தேடினேன். செத்த காக்கையும் இல்லை. சாமியாத்தாள் என்ன தேடுறீங்க மாமா என்றாள். ஆட்டு மணி விழுந்துவிட்டது என்றேன்.

மாசி 28, ஞாயிறு

கிடைத்தது. சாமியாத்தாள் வேலிக்கு அடியில், கிளுவை வேர்களுக்கு நடுவே, வளைக்கு ஒரு கை தூரத்தில். குள்ளநரி. பெட்டை. வால் நுனி கறுப்பு. விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு பசி. மடியில் பால் இருந்தது.

வளைக்குள் கையை விட்டேன். மூன்று குட்டி. இரண்டு விறைத்திருந்தன. ஒன்று என் விரலைச் சப்பியது. மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பாவாத்தாள் ஆட்டுப்பாலைத் திரியில் நனைத்து வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அதுவும் போய்விட்டது.

மாசி 30, செவ்வாய்

எழுது, நிறுத்தாமல் எழுது.

மூக்குச்சுழி கடைசியாகப் போட்ட குட்டியைச் சாந்தாமணி புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். நரி கொண்டுபோய்விட்டது. ஒரு குட்டிதான். அந்த வருசம் முழுக்க எங்கள் ஊரில் நரி எடுத்தது மூன்றே குட்டி. பிள்ளை மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்கு யோசனை வராது. செத்த ஆட்டில் மருந்தை ஏற்றிப் பள்ளத்தில் போட்டேன். நாலு நாளில் பதினாலு நரி. எங்கெங்கே கிடந்தன என்று இன்றைக்கும் சொல்வேன். பாறைக்குழியில் மூன்று, ஆவாரஞ்செடியில் இரண்டு, தண்ணீர் குடிக்கப் போன வழியில் ஐந்து, மீதி நாலு வண்டித்தடத்திலேயே. கூடவே பருந்து இரண்டு, கீரி நாலு. ஊரில் என்னைக் கோயில் வாசலில் நிற்கவைத்துத் துண்டு போட்டார்கள். அந்தத் துண்டை ஒரு வருசம் தோளில் போட்டுத் திரிந்தேன்.

அடுத்த வருசம் எலி நிலக்கடலையில் பாதியைத் தின்றது. அதற்கடுத்த வருசம் மயில் வந்தது. செத்தது நாறியது. நாற்றத்துக்கு நாய் வந்தது. இலந்தை முளைப்பது நின்றது. நான் ஒவ்வொன்றையும் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் வருசம் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. காலம் கெட்டுப்போச்சு என்று எல்லோரும் சொன்னபோது தலையாட்டினேன்.

இருபத்தெட்டு வருசம் கழித்து ஒன்று, ஒரே ஒன்று, எங்கிருந்தோ நடந்து வந்து குட்டி போட்டது. எலியைப் பிடித்து, இலந்தையைப் பொறுக்கி, என் ஆட்டைத் தொடாமல் இருந்தது. பதினோரு நாய்க்கும் பசியில்லை. பசித்தது அது ஒன்றுக்குத்தான். அதற்கு நான் சோறு வைத்தேன்.

யார் மேல் கத்துவது என்று தெரியவில்லை. தொட்டியை எட்டி உதைத்தேன். கால் நகம் பெயர்ந்துவிட்டது. ஆடுகள் தூரமாக ஓடி நின்று என்னைப் பார்த்தன.

பங்குனி 3, வெள்ளி

கம்பிவேலி ஓரமாகக் குழி பறிக்க ஆரம்பித்தேன். சாமியாத்தாளிடம் கிளுவைக் கொம்பு கேட்டேன். வெட்டி வெட்டி வீசினாள், மூன்று கட்டு.

"ஆடி மழைக்கு நட்டாத்தான் புடிக்கும். இப்ப எதுக்குங் மாமா?"

"தண்ணி ஊத்திக்கறேன்."

"உசுரு இருக்கறப்ப பண்ணோணும்னு அவசரமாக்கும்" என்றாள். ஆமாம் என்றேன். கடப்பாரையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

பங்குனி 5, ஞாயிறு

நாளைக்கு மனு நாள். டாக்டரம்மா நோட்டை வாங்க வந்தார். நின்றபடியே புரட்டினார். பாதியில் உட்கார்ந்துகொண்டார். முடித்தபின் நோட்டை மூடினார்.

"அய்யா, இதை இப்படியே குடுத்தா வனத்துறைக்குப் போகும். நரிக்கு மருந்து வெச்சா கேஸு. பழசை விட்ருங்க, இது போன வாரம். நாய் கடிச்ச பக்கங்களை மட்டும் குடுத்துக்கலாம்."

"கோழிக்குப்பை பக்கமுங்?"

அவர் பாவாத்தாளைப் பார்த்தார். பாவாத்தாள் என்னைப் பார்த்தாள். சாந்தாமணியின் அழுகை எங்கள் இரண்டு பேர் காதிலும் இருந்தது.

"பள்ளத்துல மூட்டை நிக்காம நாய் நிக்காதுங் அம்மிணி. செருப்பு தொங்குற வண்டி ஆரோடதுன்னு இதுல இருக்குது. அத மட்டும் குடுத்துப்போட்டு என்னுத மறைச்சா, மாப்ள கேட்ட கேள்விக்கு என்ன பதிலுங்?"

"ஏனுங், அந்த நரி செத்த ரெண்டு பக்கத்தக் கிழிச்சர்ட்டுங்களா?" என்றாள் பாவாத்தாள். நாற்பத்தொன்பது வருசத்தில் எனக்காக அவள் சொல்லத் துணிந்த பொய் அது ஒன்றுதான்.

"கிழிக்காத. மொதல்ல எம் பேர எழுது. அப்பறம் மாப்ள பேர எழுது."

எழுதினாள். ராக்கியப்பன் என்று எழுதியிருப்பாள், எனக்குப் படிக்கத் தெரியாது. அதற்குக் கீழே மைப்பெட்டியில் கட்டைவிரலை ஒற்றி அழுத்தி வைத்தேன். இலந்தை வேரடியில் ஐந்தாவது துண்டை வைத்த அதே விரல்.